மாத்திரை அட்டையின் சிவப்புக் கோடு: ஆன்டிபயாடிக்கைச் சரியாகப் பயன்படுத்த ஒரு முழு வழிகாட்டி

அம்மாவின் யூரின் கல்ச்சர் ரிப்போர்ட், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்து எந்த மருந்து எடுபடும் என்று பார்த்த சோதனையின் முடிவு, கைக்கு வந்தபோது எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. இடது பக்கம் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. வலது பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேராக ஓர் எழுத்து. ஆர், ஆர், ஆர் என்று இறங்கிக்கொண்டே போய், கடைசியில் மூன்றே மூன்று எஸ். டாக்டர் அந்த மூன்றையும் பேனாவால் வட்டமிட்டார். "இதுல ரெண்டு ஊசியாத்தான் வருது, மாத்திரை கிடையாது. மூணாவது அம்மாவோட கிட்னிக்கு ஒத்துவராது. அட்மிட் பண்ணித்தான் போடணும்" என்றார். ஆர் என்றால் ரெசிஸ்டன்ட். அம்மாவின் சிறுநீரில் வளர்ந்த கிருமியிடம் அந்த மருந்து எடுபடாது என்று பொருள். எஸ் என்றால் எடுபடும்.

நீர்க்கடுப்புக்காக ஏழு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அதற்கு முந்தைய வருடங்களில் அம்மாவுக்கு எரிச்சல் என்றபோதெல்லாம் தெருமுனை மெடிக்கலுக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தது நான்தான். எரிச்சல் நின்றதும் அம்மா நிறுத்திவிடுவார். மிச்சம் பழைய பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். அடுத்த முறை டப்பாவிலிருந்தே எடுத்துக்கொள்வார். அந்தக் கிருமி எங்கே, எப்போது எதிர்ப்பைப் பெற்றது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. "இதுக்கு முன்னாடி என்னென்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டாங்க?" என்று டாக்டர் கேட்டபோது ஒரு மாத்திரையின் பெயரைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. "மஞ்சளா, நீளமா இருக்கும்" என்றேன். அந்த வெட்கத்தில்தான் நான் படிக்கத் தொடங்கினேன். படித்ததையும் டாக்டர்களிடமும் மருந்தாளுநர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், வீட்டில் நாங்கள் இப்போது கடைப்பிடிக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம்: பழகுவது உடம்பல்ல

"அடிக்கடி சாப்பிட்டா உடம்பு மருந்துக்குப் பழகிடும்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பழகுவது கிருமி. இந்த வேறுபாடு முக்கியம். உடம்புதான் பழகுகிறது என்றால் அது சாப்பிட்டவரின் தனிப் பிரச்சினை. கிருமி பழகினால் அது கை வழியாக, தண்ணீர் வழியாக, ஒரே கழிப்பறை வழியாக அடுத்தவருக்குப் போகும். வாழ்நாளில் ஓர் ஆன்டிபயாடிக்கைக்கூடச் சாப்பிடாத பச்சைக் குழந்தையையும் எதிர்ப்புப் பெற்ற கிருமி தாக்கலாம்.

நடப்பது இதுதான். நம் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. எதற்காக ஆன்டிபயாடிக் சாப்பிட்டாலும், தொண்டைக்காகவே இருந்தாலும், அது குடலையும் தொடும். மருந்தைத் தாங்க முடியாத பாக்டீரியாக்கள் சாகும். தற்செயலான மரபணு மாற்றத்தால் தாங்கும் சக்தி பெற்றவை தப்பிக்கும். ஈ.கோலை போன்றவை சாதகமான சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். போட்டி இல்லாத இடத்தில் தப்பித்தவை பெருகி நிரம்பிவிடும். போதாக்குறைக்கு, எதிர்ப்புத் தரும் மரபணுவைப் பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் வைத்து ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கைமாற்றும். வேறு இனமாக இருந்தாலும் கொடுக்கும். ஆகவே தேவையில்லாத ஒரு கோர்ஸ் என்பது, கெடுதல் செய்யாமல் குடலில் இருந்த பாக்டீரியாக்களையும் இந்தப் பயிற்சிக்கு உட்படுத்துவது. அதன் தடம் மாதக்கணக்கில் இருக்கும்.

இது எங்கோ நடக்கும் கதை அல்ல. கார்பபெனம் என்னும் வலுவான ஊசி மருந்துகளையே சிதைக்கும் என்டிஎம்-1 நொதியைப் பற்றி 2010இல் லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தின் இதழொன்றில் வந்த ஆய்வில் சென்னையில் சேகரித்த கிருமி மாதிரிகளும் இருந்தன. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி அதன் முதல் ஆசிரியர். 2012இல் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் கூடி, ஆன்டிபயாடிக்கைக் கட்டுப்படுத்த ஒரு செயல்திட்டம் கேட்டதும் சென்னையில்தான். அதற்குச் சென்னைப் பிரகடனம் என்றே பெயர். 2019ஆம் ஆண்டில் மட்டும் எதிர்ப்புப் பெற்ற பாக்டீரியாக்கள் நேரடியாக ஏற்படுத்திய மரணங்கள் உலக அளவில் 12.7 லட்சம் என்று லான்செட்டில் வந்த மதிப்பீடு சொல்கிறது.

படி 1: முதல் இரண்டு நாளில் கடைக்கு ஓடாமல் இருப்பது

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. ஜலதோஷம், ஃப்ளூ, கோவிட், டெங்கு, சிக்குன்குனியா, அம்மை எல்லாம் வைரஸ். பெரும்பாலான தொண்டை வலியும், நல்ல உடல்நிலையில் இருப்பவருக்குத் திடீரென வரும் நெஞ்சுச் சளி இருமலும் வைரஸால் வருபவையே. சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் "இன்ஃபெக்‌ஷன் ஆயிடுச்சு" என்று மாத்திரை தேடுகிறோம். அந்த நிறம் நம் வெள்ளை அணுக்கள் வேலை செய்வதால் வருவது. வைரஸ் சளியும் மூன்றாம் நாள், நான்காம் நாளில் பச்சையாகும். சளிக்குப் பிந்தைய இருமல் இரண்டரை, மூன்று வாரம்கூட இழுக்கும். அதுவரை பொறுக்க முடியாமல்தான் பலரும் ஐந்தாம் நாளில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டு, தானாகவே அடங்கத் தொடங்கிய இருமலுக்கு மாத்திரையின் பெயரில் பாராட்டு எழுதுகிறார்கள்.

காய்ச்சல் என்றால் எடைக்கேற்ற பாராசிட்டமால், கஞ்சி, தண்ணீர், ஓய்வு. டெங்கு சீசனில் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் பக்கமே போகக் கூடாது. ரத்தக் கசிவைக் கூட்டும். தொண்டைக்கு உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளிக்கலாம். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இருமலுக்குத் தேன் தரலாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

வயிற்றுப்போக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஆன்டிபயாடிக் அதிகம் வீணாகும் இடங்களில் இதுவும் ஒன்று. இரண்டு முறை தண்ணீராகப் போனாலே இரண்டு மருந்து கலந்த ஒரு மாத்திரை கைக்கு வந்துவிடுகிறது. சாதாரணப் பேதிக்கு மருந்து ஓ.ஆர்.எஸ். கரைசல். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரிலேயே முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கும் வேலை வேண்டாம். டப்பாவில் இனிப்பாக வரும் பழச்சாறு பானங்கள் இதற்கு மாற்று ஆகாது. குழந்தைகளுக்குக் கூடவே 14 நாள் துத்தநாகம் தர வேண்டும். ஆறு மாதம் வரை நாளுக்கு 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி. மலத்தில் ரத்தம், காலரா போன்ற நிலைகளில்தான் ஆன்டிபயாடிக்குக்கு வேலை வருகிறது.

ஆனால் பொறுமைக்கும் எல்லை உண்டு. கீழ்க்கண்டவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்:

- மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எந்தக் காய்ச்சலும்
- மூச்சு வாங்குதல், குழந்தைக்கு விலா எலும்பு உள்வாங்குதல்
- வலிப்பு, குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம், கழுத்து விறைப்பு
- எதுவும் குடிக்க முடியாமை, பல மணி நேரம் சிறுநீர் போகாமை
- கடும் வயிற்று வலி, விடாத வாந்தி, எங்கிருந்தாவது ரத்தக் கசிவு
- மூன்று நாளைக் கடந்தும் விடாத காய்ச்சல்
- காய்ச்சலோடு அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த புண்

கடைசியாகச் சொன்னது ஸ்கரப் டைஃபஸ், நம் செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது. வேலூர் வட்டாரத்திலும் தமிழகத்தின் பல மாவட்டங்களிலும் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் வருகிறது. இதற்கு டாக்ஸிசைக்ளின் உயிர்காக்கும் மருந்து. தாமதித்தால் ஆபத்து. "ஆன்டிபயாடிக் கெட்டது" என்று யாரும் இதைப் படித்துவிட்டு முடிவுகட்டக் கூடாது என்பதற்காகவே இந்த உதாரணம். கர்ப்பிணிகள், கட்டுப்பாடில்லாத சர்க்கரை உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் இரண்டு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் குழப்பமாக இருந்தால் தமிழ்நாட்டில் 104க்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். அவசரம் என்றால் 108.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? சாதாரணச் சளி இருமலாகவே இருக்கலாம், ஆனாலும் காசநோயா என்று பார்க்கச் சளிப் பரிசோதனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். காசநோய் இருக்கும்போது இருமலுக்கென்று லெவோஃப்ளாக்சசின் வகை மாத்திரையைச் சாப்பிட்டால் நோய் கொஞ்ச நாள் அடங்கியதுபோல் ஏமாற்றும், கண்டுபிடிப்பதும் தள்ளிப்போகும். அந்த மருந்து மருந்தெதிர்ப்புக் காசநோய்க்கு வைத்திருக்கும் முக்கிய ஆயுதங்களில் ஒன்று. அதை வழியிலேயே மழுங்கடித்துவிடக் கூடாது.

படி 2: டாக்டரிடம் கேட்க வேண்டியது, கேட்கக் கூடாதது

கேட்கக் கூடாதது: "நல்ல பவர் மாத்திரையா எழுதிக் குடுங்க டாக்டர், நாளைக்கு ஆபீஸ் போகணும்." இதை நானே சொல்லியிருக்கிறேன். நோயாளி எதிர்பார்க்கிறார் என்று தோன்றினாலே சீட்டில் ஆன்டிபயாடிக் ஏறும் வாய்ப்பு கூடுகிறது. அவர் எழுதாவிட்டால் நாம் அடுத்த கிளினிக் போவோம் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் முதல் வார்த்தையிலேயே அவருடைய தோளிலிருந்து அந்தச் சுமையை இறக்கிவிடுங்கள். "ஆன்டிபயாடிக் தேவையில்லைன்னா வேண்டாம் டாக்டர், பொறுத்துக்கிறோம்." இந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் பல சீட்டுகளைச் சுருக்கியிருக்கிறது.

சொல்ல வேண்டியவை: எந்த நாளில் காய்ச்சல் தொடங்கியது, ஏற்கெனவே என்ன மாத்திரை விழுங்கினீர்கள் (மெடிக்கலில் வாங்கியதையும் மறைக்காமல்), கடந்த மூன்று மாதத்தில் சாப்பிட்ட ஆன்டிபயாடிக், கிட்னி, கல்லீரல், இதயப் பிரச்சினைகள், கர்ப்பம், பாலூட்டல், ஒவ்வாமை. ஒவ்வாமையைத் தெளிவாகச் சொல்லுங்கள். "பென்சிலின் ஒத்துக்காது" என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்குப் பரிசோதித்தால் உண்மையான ஒவ்வாமை இருப்பதில்லை. சிறு வயதில் வாந்தி வந்ததையோ, வைரஸ் தடிப்பையோ நினைவில் வைத்திருப்பார்கள். அந்த ஒரு சொல்லால் எளிய மருந்து விலக்கப்பட்டு, தேவையில்லாமல் பெரிய மருந்து கைக்கு வரும். என்ன நடந்தது, சாப்பிட்டு எத்தனை மணி நேரத்தில் நடந்தது என்று விவரியுங்கள்.

கேட்க வேண்டியவை: இது பாக்டீரியாவால் என்று ஏன் நினைக்கிறீர்கள்? சோதனை செய்துவிட்டுத் தொடங்கலாமா, ஒரு நாள் பார்க்கலாமா? மாத்திரையின் பெயர் என்ன, எத்தனை நாள்? எத்தனை நாளில் குறைய வேண்டும், குறையாவிட்டால் எப்போது திரும்ப வர வேண்டும்? கேள்வி கேட்டால் டாக்டர் கோபிப்பாரோ என்ற தயக்கம் நமக்கு உண்டு. ஆன்டிபயாடிக் எழுதும்போது எதற்காக எழுதுகிறோம் என்ற காரணத்தையும் சீட்டில் குறிப்பிடுங்கள் என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகமே 2024 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதியது. நீங்கள் கேட்பது அதைத்தான்.

இன்னொன்று. "பெரிய" மருந்து என்றால் நல்ல மருந்து என்ற எண்ணத்தை விடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று கூடைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதல் கூடையில் அமாக்ஸிசிலின், டாக்ஸிசைக்ளின், நைட்ரோஃபுரன்டாயின் போன்றவை. பொதுவான தொற்றுகளுக்கு முதலில் கை வைக்க வேண்டியவை இவை. இரண்டாவது, கவனத்தோடு தொட வேண்டிய கூடை. நம் ஊரில் மிட்டாய் போலப் புழங்கும் அஸித்ரோமைசின், செஃபிக்சிம், சிப்ரோஃப்ளாக்சசின் மூன்றும் இதில்தான் இருக்கின்றன. மூன்றாவதில் கொலிஸ்டின், லினெஸோலிட் போன்றவை, வேறு வழியில்லாதபோது எடுக்க. 2030க்குள் மனிதர்கள் பயன்படுத்தும் ஆன்டிபயாடிக்கில் 70 சதவீதமாவது முதல் கூடையிலிருந்து இருக்க வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஐ.நா.வில் உலக நாடுகள் இலக்கு வைத்தன. டாக்டர் அமாக்ஸிசிலின் எழுதினால் "இது பழைய மாத்திரையாச்சே" என்று முகம் சுளிக்காதீர்கள்.

படி 3: முதல் மாத்திரைக்கு முன்பே சாம்பிள்

கல்ச்சர் தேவை என்று டாக்டர் சொன்னால், சாம்பிள் கொடுத்த பிறகே முதல் மாத்திரை. ஒரு வேளை மருந்து உள்ளே போனாலே கிருமி வளராமல் போய், ரிப்போர்ட் வெறுமையாக வரலாம். (நோயாளி தீவிர நிலையில் இருந்தால் மருந்தைத் தாமதிக்க மாட்டார்கள், ரத்தம் எடுத்த கையோடு ஊசி போடுவார்கள். அது அவர்கள் முடிவு.) யூரின் கல்ச்சருக்குச் சுத்தம் செய்துகொண்டு, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதை லேப் தரும் மூடிபோட்ட டப்பாவில் பிடிக்க வேண்டும். உடனே கொடுத்துவிட வேண்டும். முடிவு வர இரண்டு, மூன்று நாள் ஆகும். அதுவரை டாக்டர் ஊகத்தில் ஒரு மருந்து தருவார். ரிப்போர்ட் வந்ததும் அதைக் கொண்டுபோய்க் காட்டுவதுதான் பலர் தவறவிடும் காரியம். எரிச்சல் குறைந்துவிட்டால் ரிப்போர்ட்டை லேபிலேயே விட்டுவிடுகிறார்கள். பெரிய மருந்திலிருந்து சிறிய மருந்துக்கு மாற்ற டாக்டருக்கு வழி தருவது அந்தத் தாள்தான்.

ரிப்போர்ட்டை நீங்களே படித்து மருந்து வாங்காதீர்கள். பட்டியலில் எஸ் என்று இருக்கும் எல்லாமே உங்களுக்குப் பொருந்தாது. எரிச்சலோ காய்ச்சலோ எதுவுமே இல்லாமல், வேறு காரணத்துக்காகச் செய்த சோதனையில் கிருமி வளர்ந்தால் கர்ப்பிணிகள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்குப் பெரும்பாலும் மருந்தே வேண்டாம்.

டைஃபாய்டு சந்தேகத்துக்கு இன்னும் பல இடங்களில் விடால் என்னும் ரத்தச் சோதனையை மட்டுமே நம்புகிறார்கள். பழைய தொற்று, வேறு காய்ச்சல் எல்லாவற்றுக்கும் அது பாசிட்டிவ் காட்டக்கூடும். முதல் வாரத்தில் ரத்தக் கல்ச்சர்தான் நம்பகம். விலை கூடுதல் என்றாலும், நான் கொடுப்பேன்.

படி 4: மெடிக்கல் ஷாப்பில்

எனக்கு இந்த வழிகாட்டியிலேயே அதிகம் சொல்ல வேண்டியிருப்பது இங்கேதான். "அண்ணே, காய்ச்சல், உடம்பு வலி, சளி. ரெண்டு வேளைக்கு செட்டு குடுங்க." தமிழ்நாட்டில் இந்த வாக்கியத்தைக் கேட்காத மருந்துக்கடை இருக்காது. அண்ணன் நான்கைந்து அட்டைகளைக் கத்தரியால் வெட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு எடுத்து, சிறு காகிதக் கவரில் போட்டு "காலைல நைட்டு" என்று கொடுப்பார். வெட்டிய துண்டில் பெயர் இருக்காது, காலாவதித் தேதி இருக்காது. அந்தச் செட்டில் ஓர் ஆன்டிபயாடிக் இருந்தால் அது இரண்டே வேளைக்கான ஆன்டிபயாடிக். வைரஸ் காய்ச்சல் என்றால் வீண். பாக்டீரியா என்றால் போதாது. தினக்கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை இழந்து கிளினிக்கில் உட்கார முடியாததால்தான் செட்டுக்குப் போகிறார் என்பது எனக்குத் தெரியும், அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்குச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரும் மாத்திரையும் இலவசம். அங்கே போக முடியாத நாளில், "செட்டு வேண்டாம்ணே, பாராசிட்டமால் மட்டும் குடுங்க" என்று கேளுங்கள். காசும் மிச்சம்.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபல் உரையில் இதே காட்சியைக் கற்பனை செய்து எச்சரித்தார். தொண்டை வலி வந்த ஒருவர் கடையில் பென்சிலின் வாங்கி, கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் அதற்குப் பாடம் கற்பிக்கப் போதுமான அளவு சாப்பிடுகிறார். பாடம் கற்ற கிருமி அவர் மனைவிக்குத் தொற்றுகிறது. நிமோனியாவில் பென்சிலின் எடுபடாமல் அந்த மனைவி இறந்துபோகிறார். மருந்து பரவலாகப் புழங்கத் தொடங்கிய வருடங்களிலேயே சொன்னது இது.

கடையில் செய்ய வேண்டியவை. சீட்டோடு போங்கள். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து என்று பொருள். 2016இல் மத்திய அரசு இதற்காகவே விழிப்புணர்வுப் பிரசாரம் தொடங்கியது. செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின், மெரோபெனம் உள்ளிட்ட பல மருந்துகள் எச்1 என்னும் அரசின் கூடுதல் கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள இந்த விதிப்படி, எழுதிய டாக்டர், நோயாளி, மருந்து, அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். உங்களிடம் சீட்டு கேட்கும் கடைக்காரர் உங்களை அலைக்கழிக்கவில்லை. சட்டப்படி நடக்கிறார். அவரிடமே தொடர்ந்து வாங்குங்கள். கேரளத்தில் 2024 முதல் சீட்டில்லாமல் விற்கும் கடைகள்மீது ஆபரேஷன் அம்ரித் என்ற பெயரில் சோதனை நடத்துகிறார்கள். இங்கேயும் அந்தக் கெடுபிடி வர வேண்டும் என்பது என் ஆசை.

எழுதிய நாட்களுக்கான எண்ணிக்கை முழுவதையும் வாங்குங்கள். அட்டையை வெட்ட வேண்டியிருந்தால் பெயரும் தேதியும் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், முடியாவிட்டால் போனில் படம் எடுங்கள். கம்பெனிப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். இரண்டு வேறு டாக்டர்கள் வேறு வேறு கம்பெனிப் பெயரில் ஒரே மருந்தை எழுதியிருப்பது அப்போது தெரியவரும். பில் வாங்குங்கள்.

படி 5: சாப்பிடும் முறை

சீட்டில் 1-0-1 என்றால் காலை, இரவு. 1-1-1 என்றால் மூன்று வேளை, அதாவது ஏறக்குறைய எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. அமாக்ஸிசிலின் ரத்தத்தில் வேகமாகக் குறைந்துவிடும் என்பதால்தான் மூன்று வேளை. அஸித்ரோமைசின் திசுக்களில் நாட்கணக்கில் தங்கும், எனவே ஒரு வேளை போதும். "ஒன்னு போட்டாலே போதும்னா இதுதான் பவர்" என்று ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

நம் சமையலறையோடு மோதும் மருந்துகள் இரண்டு. சிப்ரோஃப்ளாக்சசினையும் டாக்ஸிசைக்ளினையும் பாலோடு, தயிரோடு, கால்சியம் மாத்திரையோடு, இரும்புச்சத்து மாத்திரையோடு, வயிற்றெரிச்சல் டானிக்கோடு சேர்த்து விழுங்கினால் மருந்து அவற்றோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் முழுதாகச் சேராமல் போய்விடும். "மாத்திரை சூடு, பால் குடி" என்று பாட்டி சொல்லும் அன்பு இந்த இரண்டு மருந்துக்கும் எதிரி. குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளி மாத்திரையைப் போடுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகள் தினமும் சாப்பிடுபவர்கள் இடைவெளியை டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். டாக்ஸிசைக்ளினை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள், இல்லாவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். அதைச் சாப்பிடும் நாட்களில் வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். அமாக்ஸிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைச் சாப்பாட்டின் தொடக்கத்தில் எடுத்தால் வயிறு தாங்கும். மெட்ரோனிடஸோல் சாப்பிடும்போதும், முடித்த பிறகு மூன்று நாள் வரையிலும் மது கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு சாப்பிடுபவர்கள் எந்த ஆன்டிபயாடிக்குக்கும் முன் அதைச் சொல்லிவிடுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்து விழுங்க வேண்டாம்.

குழந்தைகளின் பவுடர் சிரப்புக்குக் கொதித்து ஆறிய நீரை பாட்டிலின் குறி வரை ஊற்ற வேண்டும். குலுக்கி, நுரை அடங்கியதும் மறுபடி பார்த்துக் குறி வரை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். வீட்டு ஸ்பூன் எதுவும் சரியான 5 மி.லி. அல்ல, பாட்டிலோடு வரும் அளவுமூடியையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். கலக்கிய மருந்து லேபிளில் போட்டிருக்கும் நாட்களுக்குத்தான், பலவற்றுக்கு ஏழு நாள். போன மாதம் அக்காவுக்குக் கலக்கிய பாட்டிலைத் தம்பிக்கு எடுக்காதீர்கள்.

லேசான வயிற்றுப்போக்கும் குமட்டலும் சகஜம். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு முகம் வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு 108. தண்ணீராகப் பலமுறை போனாலும், ரத்தம் வந்தாலும், கோர்ஸ் முடிந்து சில வாரம் கழித்து அப்படி ஆனாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். குடலின் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற கிருமி குடியேறியிருக்கலாம். சிப்ரோஃப்ளாக்சசின் வகையில் குதிகாலின் பின்புறத் தசைநாண் இழுத்து வலித்தால் அடுத்த மாத்திரைக்கு முன் டாக்டரைக் கேளுங்கள்.

படி 6: எப்போது நிறுத்துவது

"கோர்ஸை முடிக்காவிட்டால் எதிர்ப்பு வந்துவிடும்" என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தோம். இன்று மருத்துவ உலகம் இதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறது. பல சாதாரணத் தொற்றுகளுக்குக் குறுகிய கோர்ஸே நீண்டதற்குச் சமமாகக் குணப்படுத்துகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தேவைக்கு மேல் சாப்பிடும் ஒவ்வொரு நாளும் குடல் பாக்டீரியாக்களுக்குக் கூடுதல் பயிற்சி. அதற்காக, நன்றாக இருக்கிறது என்று நாமே நிறுத்துவதும் சரியில்லை. காசநோய்க்கு வழக்கமான சிகிச்சையே ஆறு மாதம். பாக்டீரியாத் தொண்டைப் புண்ணுக்கு, இதயத்தைத் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வராமலிருக்க, பென்சிலின் பத்து நாள். நிமோனியாவுக்குச் சிலருக்கு ஐந்து நாளே போதும். எந்த நோய்க்கு எத்தனை நாள் என்பது நமக்குத் தெரியாது, எழுதியவருக்குத் தெரியும். ஆகவே அவர் எழுதிய நாள் வரை சாப்பிடுங்கள். நடுவில் நன்றாகிவிட்டால் போன் செய்து, "ரெண்டு நாளா காய்ச்சல் இல்ல டாக்டர், இன்னும் தொடரணுமா?" என்று கேளுங்கள். வைரஸ் என்று சோதனையில் தெரிந்தால் அவரே நிறுத்தச் சொல்வார். மூன்று நாளில் எந்த மாற்றமும் இல்லை என்றாலும் அவரிடமே போக வேண்டும். மாத்திரையை நாமாக மாற்றக் கூடாது.

படி 7: பிஸ்கட் டப்பா

மிச்சமான ஆன்டிபயாடிக்கை வீட்டில் வைக்காதீர்கள். வைத்தால் சாப்பிடுவோம், அல்லது பக்கத்து வீட்டு அக்கா கேட்டால் கொடுப்போம். அந்த அக்காவின் தொண்டை வலி வைரஸாக இருக்கலாம், அவர் கர்ப்பமாக இருக்கலாம், பென்சிலினே ஒத்துக்கொள்ளாதவராக இருக்கலாம். கழிப்பறையிலோ சிங்க்கிலோ கொட்டினால் அது சாக்கடையில் உள்ள பாக்டீரியாக்களுக்குப் போய்ச் சேரும். உங்கள் ஊர் மருத்துவமனையோ கடையோ திரும்ப வாங்கினால் கொடுங்கள். இல்லையென்றால் அட்டையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய டீத்தூளோடு கலந்து, கவரில் இறுகக் கட்டிக் குப்பையில் சேருங்கள். முறையான ஏற்பாடு இல்லாத இடத்தில் இது இரண்டாம்பட்சமான வழிதான்.

படி 8: நோயே வராமல்

வராத தொற்றுக்கு மாத்திரை தேவையில்லை. குழந்தைகளின் தடுப்பூசி அட்டையைச் சரிபாருங்கள். குழந்தைகளுக்கு நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் தரும் ஹிப் கிருமிக்கு எதிரான பாதுகாப்பு அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியை நாட்டிலேயே முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும், 2011 டிசம்பரில். நியுமோகாக்கல் தடுப்பூசியும் இப்போது அரசு அட்டவணையில் இலவசம். டைஃபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசிகளில் ஒன்று ஹைதராபாத்தில் உருவானது. வெளியில் அதிகம் சாப்பிடும் வீட்டினர் அதைப் பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். ஃப்ளூ ஊசி வைரஸுக்குத்தான் என்றாலும் "காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக்" என்ற வாய்ப்பையே அது குறைக்கிறது. மற்றபடி கொதித்த தண்ணீர், சோப்புப் போட்ட கை, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்த்துவிட்டு வந்ததும் முதலில் கை கழுவுவது.

படி 9: தொழுவத்திலும் கோழிப்பண்ணையிலும்

மாடு, ஆடு, கோழி வளர்ப்பவர்களுக்கு இது. மடிவீக்கத்துக்கு ஊசி போட்ட மாட்டின் பாலை, கால்நடை மருத்துவர் சொல்லும் நாட்கள் முடியும்வரை கறந்து கொட்டிவிட வேண்டும். சொசைட்டிக்கும் ஊற்றக் கூடாது, கன்றுக்கும் கொடுக்கக் கூடாது. வலிக்கும், ஒரு வாரக் காசு போகிறது. ஆனாலும் செய்யுங்கள். எடை கூடும் என்று தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பவர்களிடமிருந்து தீவனம் வாங்காதீர்கள். மனிதர்களுக்கு மூன்றாவது கூடையில் கடைசி ஆயுதமாக இருக்கும் கொலிஸ்டினை உணவுக்கான விலங்குகளுக்குப் பயன்படுத்த 2019இல் மத்திய அரசு தடை விதித்தது. அதுவரை அது கோழித் தீவனத்தில் புழங்கியது.

படி 10: ஒரு நோட்டு

வீட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கி ஒரு சிறு நோட்டு வையுங்கள். தேதி, என்ன தொந்தரவு, மாத்திரையின் மருந்துப் பெயர், எத்தனை மி.கி., எத்தனை நாள், எழுதியவர், குணமானதா, ஒத்துக்கொண்டதா. கல்ச்சர் ரிப்போர்ட்டை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள். புது டாக்டரிடம் போகும்போது நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். எந்த மருந்து சமீபத்தில் உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்தால் அவர் வேறு வகையைத் தேர்ந்தெடுப்பார்.

எங்கள் வீட்டு நோட்டில் அம்மாவின் பக்கத்தை இப்போது அம்மாவே எழுதுகிறார். போன ஐப்பசி மழையில் வந்த காய்ச்சலுக்குச் சாய்ந்த எழுத்தில் இப்படி இருக்கிறது: "3 நாள் காச்சல். டாக்டர் பாத்தார். ஆன்டிபயாடிக் இல்லை. பாராசிட்டமால் 650, 6 மாத்திரை. நாலாம் நாள் சரி."